மாதிரி முதுகு

காவலாளியின் குறிப்பேட்டில் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது: "9.15 குனிந்தார். முகம் சுளித்தார். அருகில் ஆட்கள் இருந்தனர். 10.40 குனிந்தார். முகம் சுளிக்கவில்லை. 11.20 யாரும் பார்க்காத நேரத்தில் இடுப்பில் கை வைத்தார்."

மேலாளர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"யாரும் பார்க்காத நேரம்னா, நீ எப்படிப் பார்த்த?"

"தூணுக்குப் பின்னாடி இருந்தேன் சார்."

"நீ தூணுக்குப் பின்னாடி இருக்கறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் கை வெச்சிருக்கான்."

காவலாளி கொஞ்சம் யோசித்தார். "தெரியாத மாதிரிதான் சார் இருந்துச்சு."

"அதுதான்யா நடிப்பு."

பத்துப் பேர் பார்க்க முகம் சுளித்தால் வேஷம் போடுகிறான். சுளிக்காவிட்டால் வலியே இல்லை. தனியாக இருக்கும்போது சுளித்தால் தூணுக்குப் பின்னால் இருப்பவருக்காகச் சுளிக்கிறான். இப்படி மூன்று பக்கமும் அடைத்த பிறகு, தையல்காரருக்கு நாணயமாக வலிப்பதற்கு ஒரு சந்துகூட மிச்சமில்லை.

அது மெத்தை செய்கிற கம்பெனி. தையல்காரருக்கு அங்கே பதினெட்டு வருட வேலை. மெத்தையின் மேல்துணி, கீழ்த்துணி, பக்கப்பட்டை மூன்றையும் நாடா வைத்துச் சேர்த்து ஓரம் தைக்க வேண்டும். இயந்திரம் இருந்த இடத்தில் இருக்கும். மெத்தைதான் சுற்றி வர வேண்டும். மெத்தைக்குக் கால் இல்லாததால் தையல்காரர் அதைச் சுற்றிவிடுவார். மூலைக்கு ஒரு குனிவு, ஒரு தூக்கு, ஒரு திருப்பு. மெத்தைக்கு எட்டு மூலை. நாளைக்கு ஐம்பது மெத்தை. பதினாறு வருடம் அவருடைய இடுப்பு இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசி இரண்டு வருடமாக மூடவில்லை.

அவர் கேட்டது ஒரு மேசை. தையல் கூடத்தின் கோடியில், தைத்து முடித்த மெத்தைகளில் நூல் பிசிறு வெட்டும் மேசை. அங்கே நிற்கலாம், உட்காரலாம், மெத்தையைச் சுற்றி நடக்கலாம். தூக்குவது மட்டும் கிடையாது. அந்த வேலையில் இருந்தவர் ஓய்வுபெற்றுப் போய் ஒரு மாதமாக மேசைமேல் கத்தரிக்கோல் மட்டும் உட்கார்ந்திருந்தது. தையல்காரர் மனுக் கொடுத்தார்.

மேலாளருக்கு இரண்டு சந்தேகம் வந்தது. ஒன்று, வலி பொய்யாக இருக்கலாம்; காவலாளியைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியது அதற்குத்தான். இன்னொன்று, நிஜமாக இருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து. ‘முதுகின் தோழன்’ என்று உறைமேல் அச்சடித்து மெத்தை விற்கிற இடத்தில், அதைத் தைக்கிறவருக்கே இடுப்புவலி என்றால் வெளியே என்ன பேசுவார்கள்?

"வீட்டுல எதுல படுக்கற?"

"தரையில சார்."

"ஏன், சலுகை விலையில நம்ம மெத்தை வாங்கினியே?"

"இருக்கு சார். அதுல படுத்தா எந்திரிக்க முடியல."

மேலாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மேலாளருக்குக் கூடத்தில் இருந்த பெயர் ஸ்கேல். நடக்கும்போது, உட்காரும்போது, காலடியில் விழுந்த பேனாவை எடுக்கும்போதுகூட அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. பேனாவை எடுக்க ஆள் வைத்திருந்தார். வாசலில் ஆளுயர விளம்பரப் பலகை ஒன்று உண்டு. அதில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கீழே எழுதியிருக்கும்: "நாற்பத்தொன்பது வயது. முதுகுவலி என்றால் என்னவென்றே தெரியாது." மற்ற பல விஷயங்களும் அவருக்குத் தெரியாது, பலகையில் இடம் போதவில்லை என்று தொழிலாளர்கள் சொல்வார்கள்.

விதிப்புத்தகத்தில் பொய்க் காரணம் சொல்லி வேலை மாற்றம் கேட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று இருந்தது. மேலாளர் அந்தப் பக்கத்தின் முனையை மடித்து வைத்துவிட்டு, தரப் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டார். தரம் பார்க்கிற அம்மா என்பதால் எல்லோருக்கும் அவர் தரம்மா. சிரிக்காமல் பேசுவார். மற்றவர்கள் சிரித்தால் ஏன் என்று கேட்பார்.

"ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார் மேலாளர். "எம்.ஆர்.ஐ. மனுசன் பொய் சொல்லலாம், படம் சொல்லாது."

"எடுத்து?"

"பார்ப்போம். கெட்டிருந்தா தெரியும்."

"எதோட ஒப்பிட்டுத் தெரியும் சார்? நம்ம மெத்தையே கெட்டுப்போச்சான்னு பார்க்க, கண்ணாடி அறையில ஒரு மாதிரி மெத்தை வெச்சிருக்கோம். அதுமேல யாரும் உட்கார்ந்ததுகூட இல்ல. அது இல்லாம நான் எந்த மெத்தைக்கும் சீட்டு எழுத மாட்டேன். முதுகுக்கு மாதிரி எங்க இருக்கு?"

இதைத் தரம்மா தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். ஆனால் மேலாளர் மெல்ல எழுந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே விளம்பரப் பலகை தெரிந்தது. அதைப் பார்த்தார். பிறகு தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"என்னோடதை எடுங்க" என்றார். பிறந்ததிலிருந்து இந்த நாளுக்காகக் காத்திருந்த முதுகுபோல அது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அப்படின்னா நம்ம முறைப்படிதான் செய்யணும்" என்றார் தரம்மா. "பேர் இருக்காது. எண் மட்டும்தான். முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரோடதுன்னு உறையைப் பிரிக்கணும்."

அந்த முறையைக் கொண்டு வந்தவரே மேலாளர்தான். தரம் பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுக்காரர், மச்சான், மாமா தைத்த மெத்தைகளுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று ஒருமுறை அவருக்குச் சந்தேகம் வந்தது. யாரும் காட்டவில்லை. ஆனாலும் முறை நிலைத்துவிட்டது.

"நல்லதாப் போச்சு" என்றார். "அப்புறம் நான் பாரபட்சம் காட்டினேன்னு ஒருத்தனும் பேச முடியாது."

தையல்காரரிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். போடுவதற்கு முன் அவர் தன்னை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனார். அவர் கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், வரிசையாகக் கேள்வி கேட்டார். எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, கால் மரத்துப் போகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா. எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகவே வந்தது.

"உங்களுக்கு ஸ்கேன் வேண்டாம்" என்றார். "நடங்க. நான் சொல்ற பயிற்சியைச் செய்யுங்க. அந்தத் தூக்கற வேலையைக் குறைங்க."

தையல்காரரின் முகம் விழுந்தது. "அப்போ நீங்களும் நம்பலையா டாக்டர்?"

"நம்பறேன். நம்பறதாலதான் படம் வேண்டாங்கறேன்."

இந்தப் பதில் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நம்புகிறவர் எதற்குப் பயிற்சித் தாளை நீட்டுகிறார்? நிஜ வலிக்குப் பெரிய இயந்திரம் வேண்டாமா? தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி இன்னும் வெளிப்படையாக இருந்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேக்காம இரு, கோவிக்க மாட்டேன்."

"எங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பினா உங்களுக்கு வலி ஜாஸ்தியாகுது. ரிமோட் கட்டிலுக்கு அடியில போனா மட்டும் படுத்து உருண்டு எடுக்கறீங்க. எப்படிங்க அது?"

 உண்மையில் தையல்காரருக்கே அது புரியவில்லை. அவள் அண்ணன் வீட்டு சோபா பஞ்சாக அமுங்கும். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். உருளும்போது வலிப்பதில்லை. ஆனால் இதை வாயால் சொன்னால் அவருக்கே கட்டுக்கதை மாதிரி கேட்டது.

"ஸ்கேன்ல தெரிஞ்சிடும்" என்றார்.

"ஒண்ணும் இல்லைன்னு வந்தா?"

அவர் அதைப் பற்றி யோசித்திருந்தார். இரண்டு வாரமாக வேறு எதையும் யோசிக்கவில்லை. இயந்திரத்தில் மெத்தையைத் திருப்பும்போது, இந்த இழுப்பு நிஜம்தானா, இல்லை நானாக உண்டாக்கிக்கொள்கிறேனா என்று நின்று கவனிக்க ஆரம்பித்திருந்தார். கவனித்தால் குறைந்தது. குறைந்தால் பயமாக இருந்தது. படத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் வேலை போகும். அதைவிட, பதினெட்டு வருடமாக உடன் வேலை பார்த்தவர்கள் நடுவே பொய்யன் என்று பெயர் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். மனைவி எழுந்து தண்ணீர்க் கேனை அவளே தூக்கி வைத்தாள். அதைக் கோபத்தில் தூக்கினாளா, இரக்கத்தில் தூக்கினாளா என்று அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

டாக்டரம்மா எழுதாத ஸ்கேன் சீட்டை எழுதித் தர ஸ்கேன் நிலையத்தில் ஆளுக்கும் குறைவில்லை, காரணத்துக்கும் குறைவில்லை. தரம்மா இரண்டு ஒட்டுச்சீட்டுகளைக் கொண்டு வந்திருந்தார். குலுக்கிப் போட்டு எண் எழுதி, பெயர்களை உறையில் வைத்து ஒட்டிவிட்டார். மாதிரிதானே முதலில் வரும், தனக்கு ஒன்றாம் எண்தான் என்று மேலாளர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

அவர்தான் முதலில் உள்ளே போனார். பெல்ட், கடிகாரம், சாவி எல்லாம் கழற்றியாயிற்று. பின்பக்கம் நாடா கட்டும் அங்கியில் அவர் பாதி மேலாளராகத் தெரிந்தார். குழாய்க்குள் பலகை நகர்ந்தது. இயந்திரம் தட்டியது, உறுமியது, மறுபடி தட்டியது. ஒலிபெருக்கியில் ஸ்கேன் எடுப்பவரின் குரல் வந்தது.

"சார், ஏன் மூச்சை அடக்கறீங்க?"

"நேரா வெச்சிருக்கேன்."

"எதை சார்?"

"முதுகை."

"படுத்துதானே சார் இருக்கீங்க? சும்மா விடுங்க. இது கல்யாண ஃபோட்டோ இல்ல."

அப்படியும் அவர் விடவில்லை. ஒரு பகுதியை மூன்று தடவை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்துப் போன தையல்காரர் அசையாமல் கிடந்தார். அந்த இரைச்சலுக்குள் அவர் வேண்டிக்கொண்டதை வேறு எந்த மனிதனும் வேண்டியிருக்க மாட்டான்: ஏதாவது பெரிதாக இருக்கட்டும்.

நான்கு நாள் கழித்து இரண்டு உறைகள் வந்தன. மேலாளர் அறையில் தரம்மா உட்கார்ந்திருந்தார். தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். சாட்சிக்குக் காவலாளி, இந்த முறை தூண் இல்லாமல்.

"முதுகு எண் ஒன்று" என்று மேலாளர் வாசித்தார். "நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் சற்றே வறண்டுள்ளது. வயதுக்கு ஏற்ற மாற்றம். வேறு குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை." தலையைத் தூக்கி ஒரு சுற்றுப் பார்த்தார். "சற்றே. வயதுக்கு ஏற்ற. ம்."

எண் இரண்டு ஒன்றரைப் பக்கம் இருந்தது. மூன்று டிஸ்க்குகள் பிதுங்கியிருந்தன. அதில் ஒன்றின் விளிம்பில் கீறல். இரண்டு மூட்டுகளில் தேய்மானம். எலும்பு விளிம்பில் முள்போல வளர்ச்சி. வாசிக்க வாசிக்க மேலாளரின் குரல் தணிந்தது. காவலாளி தன் குறிப்பேட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார்.

தையல்காரருக்குக் கண் கலங்கியது. மூன்று. கீறல். முள். எல்லாம் அச்சில் இருந்தது. இதை மனைவியிடம் காட்டலாம். அவள் அண்ணனிடமும் காட்டலாம். தன் முதுகு இவ்வளவு யோக்கியமானது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. ஒரு நிமிஷம் வலிகூட மறந்துபோனது.

மேலாளர் எழுந்து ஜன்னலருகே போனார். அவன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் மேசையைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த வாரமே நாலு மனு வரும். வாசலில் பலகை வேறு. மூன்று நிமிஷம் நின்று யோசித்தார். திரும்பியபோது முகத்தில் பெரிய கருணை வந்திருந்தது. அதைப் பார்த்ததும் தரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்படி ஒரு முதுகை வெச்சுக்கிட்டு ஒருத்தர் இங்க வேலை பார்க்கறது பெரிய பாவம்" என்றார். "மெஷின்ல மட்டும் இல்ல. மேசையில உட்கார்றதும் ஆபத்து. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நான் மனிதாபிமானத்தோட முடிவு எடுக்கறேன்."

எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: "முதுகு எண் இரண்டுக்கு உரியவர், நின்று செய்வதோ உட்கார்ந்து செய்வதோ, இந்நிறுவனத்தின் எந்தப் பணிக்கும் தகுதியற்றவர். இம்மாத இறுதியுடன் அவர் விடுவிக்கப்பட வேண்டும்."

தையல்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வலி இல்லையென்றால் பொய்யன், வெளியே போ. வலி இருந்தால் நோயாளி, அப்போதும் வெளியே போ. இரண்டு கதவையும் ஒரே தெருவில் திறந்து வைத்திருக்கிறார்கள்.

"சார், பிசிறு வெட்டறதுக்குக்கூடவா?"

"உன் நல்லதுக்குத்தான்ப்பா சொல்றேன்."

"இன்னொரு தடவை யோசிச்சுக்கோங்க சார்" என்றார் தரம்மா.

"யோசிச்சாச்சு."

"கையெழுத்துப் போட்டா அது ரெக்கார்டு. கிழிக்க முடியாது."

"எனக்கே விதி சொல்றீங்களா?" என்று மேலாளர் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார், முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார்.

தரம்மா பெயர்கள் இருந்த உறையைப் பிரித்தார். உள்ளே இருந்ததை அவரே ஒருமுறை படித்துவிட்டுத்தான் மேசைமேல் வைத்தார். எண் ஒன்று, தையல்காரர். எண் இரண்டு, மேலாளர்.

மேலாளர் தாளை எடுத்துப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"மாறிப்போச்சு" என்றார் மேலாளர். "ஸ்டிக்கர் மாறிப்போச்சு."

தரம்மா ஸ்கேன் நிலையத்துக்கு ஃபோன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினார். ஸ்கேன் எடுத்தவரே பேசினார். "ரெண்டாம் நம்பரா? எப்படி மேடம் மறப்பேன்? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, நெஞ்சைத் தூக்கிக்கிட்டு, மூணு தடவை எடுக்க வெச்சாரே. அவர்தான்."

மேலாளர் ஃபோனைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு தரம்மாவை, பிறகு தையல்காரரை, பிறகு காவலாளியை. காவலாளி பழக்க தோஷத்தில் குறிப்பேட்டைத் திறந்து மணி பார்த்து எழுதத் தொடங்கியிருந்தார்.

"என்னய்யா எழுதற?"

"முகம் சுளிச்சீங்க சார்."

ஆனால் தையல்காரர் இதில் எதையும் ரசிக்கிற நிலையில் இல்லை. சற்றே வறண்டுள்ளது. வயதுக்கு ஏற்றது. இரண்டு வருட வலிக்குக் கிடைத்தது இரண்டே வரி. மூன்று டிஸ்க்கும் முள்ளும் அவரிடமிருந்து பிடுங்கி எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. அன்று சாயங்காலம் வீட்டில் படத்தை மனைவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

"அதான் பிரச்சினை."

அவள் கணவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தை உறையில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் வைத்தாள். "யாராவது கேட்டா இன்னும் வரலைன்னு சொல்லிக்கலாம்" என்றாள். அப்போதுதான் அவருக்கு அவள்மீது இருந்த சந்தேகம் போயிற்று.

மேலாளர் இன்னொரு நிலையத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்தார். அங்கே மூன்று பிதுக்கம் இரண்டாகவும், இரண்டு தேய்மானம் மூன்றாகவும் வந்தது. அவர் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்வதா, துரோகமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், தையல்காரர் போன அதே டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்லை."

"எப்பவாவது?"

"எப்பவுமே இல்லை. பலகையிலேயே போட்டிருக்கு."

"அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க? தலை நரைச்சா தலைவலி வரணும்னு இருக்கா? அந்த மாதிரிதான். உங்க வயசுல வலியே இல்லாத ஆளுங்களைப் பிடிச்சு ஸ்கேன் எடுத்தா பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் இருக்கும். படத்துல எலும்பு தெரியும், டிஸ்க் தெரியும். வலி தெரியாது."

"அப்போ படத்துல ஒண்ணும் இல்லாதவனுக்கு?"

"அவருக்கு வலிக்கலாம். நல்லாவே வலிக்கலாம்."

மேலாளர் இதை அந்த மாதத்தின் மிக மோசமான செய்தியாக எடுத்துக்கொண்டார். மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. தரம்மாவின் அலமாரியில் அவருடைய கையெழுத்து, அவருடைய முத்திரையோடு, அவரை வீட்டுக்கு அனுப்பக் காத்திருந்தது. தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்த அலமாரியைத்தான் முதலில் திறப்பார்கள்.

"அந்தத் தாளை" என்று ஆரம்பித்தார்.

"கிழிக்க முடியாது சார். நீங்கதான் அந்த விதியைப் போட்டீங்க. ஆனா புதுசா ஒரு உத்தரவு போட்டு ரத்து பண்ணலாம்."

"என்னன்னு?"

தரம்மா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். "ஸ்கேன் படத்தை வைத்து எவரையும் தகுதியுள்ளவர் என்றோ தகுதியற்றவர் என்றோ இந்நிறுவனம் முடிவு செய்யாது. வலி உண்டா இல்லையா என்பதில் உரியவரின் சொல்லே சான்று."

மேலாளர் முதல் வாக்கியத்தை வேகமாகப் படித்தார். இரண்டாவதில் நின்றார். "இது எதுக்கு?"

"நீங்க தகுதியுள்ளவர்னு நாளைக்கு எதை வெச்சு சொல்வீங்க? வலிக்கலைன்னு நீங்க சொல்றதை வெச்சுத்தானே? அதை நாங்க நம்பணும் இல்லையா?"

"நான் சொல்றதும் அவன் சொல்றதும் ஒண்ணா?"

"இந்தத் தாள்ல ஒண்ணுதான் சார். வேணாம்னா அந்தத் தாள் இருக்கு."

மேலாளர் கையெழுத்துப் போட்டார். இந்த முறை முத்திரையை ஊதவில்லை.

அடுத்த நாள் தரம்மா இயந்திரத்தருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெத்தைப் புகார் எழுதும் படிவத்தை எடுத்தார். "சொல்லுங்கண்ணே. எப்போ ஆரம்பிக்குது?"

தையல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். இரண்டு வருடத்தில் வலிக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. நிஜமாகவா என்று கேட்டவர்கள் நிறைய. எப்போது என்று டாக்டரைத் தவிர யாரும் கேட்டதில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். மூன்றாவது மூலை திருப்பும்போது வலப்பக்கம் இழுக்கும். அப்படியே நின்றால் கெட்டிப்படும். உட்கார்ந்தால் இன்னும் மோசம். நடந்தால் தேவலை. தரம்மா ஒரு வரி விடாமல் எழுதினார். திங்கட்கிழமை தையல்காரர் பிசிறு மேசைக்கு மாறினார். பையில் நாலாக மடித்து வைத்திருந்த பயிற்சித் தாளையும் வெளியே எடுத்தார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை; யாருக்கும் நிரூபிக்க வேண்டாம் என்றானதும் அதுவும் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூடம் காலியாக இருந்தபோது மேலாளர் மேசைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உனக்கு ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு?"

"எது சார்?"

"அதுதான்ப்பா. காலையில எந்திரிச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இதுதான் அதுவான்னு தெரியல. அந்தப் பேப்பரைப் படிச்சதுல இருந்து குனியவே பயமா இருக்கு."

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இவர் எதற்குக் கேட்கிறார்? என் வலியை எழுதி எடுத்துக்கொண்டு போய் நாளைக்கு எங்கேயாவது காட்டப்போகிறாரா? இல்லை, நான் சொல்வது படிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கிறாரா? எல்லாம் சொன்னார். ஆனால் பக்கத்தை மட்டும் மாற்றிச் சொன்னார்.

"இடப்பக்கம் சார். இடுப்பு எலும்புக்கு மேல. கொக்கி போட்டு இழுக்கற மாதிரி. உட்கார்ந்தா ஜாஸ்தி."

"இடப்பக்கம்" என்று மேலாளர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கொக்கி."

மறுநாள் காலை அவர் கூடத்துக்குள் நுழைந்தபோது கை இடப்பக்க இடுப்பில் இருந்தது. தையல்காரருக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. மாட்டிக்கொண்டார். பக்கத்து இயந்திரக்காரர்களிடம் சொன்னால் ஒரு வருடத்துக்குச் சிரிக்கலாம். வாயைத் திறக்கப் போனவர், மேலாளர் கிட்டே வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. ஒரு காலைத் தயங்கித் தயங்கி வைத்தார். யாராவது பார்க்கிறார்களா என்று அவர் கண் அலைந்தது. பார்க்கவேண்டும் என்பதற்காக அல்ல. தையல்காரருக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் அவருடைய சொந்த முகத்திலேயே குடியிருந்தது அது.

நடிப்பா என்று ஒருமுறை யோசித்தார். அதற்குமேல் யோசிக்கப் பிடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சார்."

மேலாளர் ஸ்டூலைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

"உட்கார்ந்தா ஜாஸ்தியாகும்னு நீதானேப்பா சொன்ன?"

"சரி, அப்போ வாங்க" என்று தையல்காரர் மேசையை விட்டு எழுந்தார். "கொஞ்சம் நடப்போம்."